ஊதாச் சுக்கான்

மார்லிஸ் ஹுக்ஸ்ட்ராவைப் பற்றி எங்கள் ஊர் மோசஸ் லேக்கில் யாரைக் கேட்டாலும் முதலில் பள்ளிக்கூட பஸ்ஸைத்தான் சொல்வார்கள். ஊரின் வடக்குப் பக்கத்துப் பிள்ளைகளை வருடக்கணக்காக ஏற்றி இறக்குகிறவள் அவள். பின்சீட்டில் எவன் எதை ஒளித்துத் தின்கிறான் என்பது கண்ணாடியைப் பார்க்காமலே அவளுக்குத் தெரியும். அடுத்ததாக, அவள் கணவர் ஒரு பல் டாக்டருடன் பெரிய நகரமான ஸ்போகேனுக்குப் போய்விட்ட கதையைச் சொல்வார்கள். அதை நான் சொல்லப் போவதில்லை. அவர் அங்கே நல்ல பற்களோடு சுகமாக இருக்கிறார், அது போதும்.

அதற்கப்புறம்தான் விமானக் கதை வரும். ஊருக்கு வெளியே பழைய ராணுவ விமானத்தளம் ஒன்று உண்டு. ஒரு வருடம், விபத்துகளுக்குப் பிறகு, குறிப்பிட்ட ஒரு வகை விமானத்தை உலகம் முழுக்கப் பறக்கவிடாமல் நிறுத்தி வைத்தார்கள். தொழிற்சாலையோ செய்வதை நிறுத்தவில்லை. செய்த விமானங்களை வைக்க இடமில்லாமல், மலையைத் தாண்டி எங்கள் பக்கம் ஓட்டிவந்து வரிசையாக நிறுத்தினார்கள். இருக்கைகளின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத புத்தம் புது விமானங்கள், இஞ்சின் வாயைக் கட்டிக்கொண்டு புதர்க்காட்டின் நடுவே நின்றன. வெளியூர்க்காரர்கள் வந்து வாயைப் பிளந்தார்கள். உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் கிடங்கில் போட்டுவிட்டு நல்ல விலைக்குக் காத்திருக்கிற ஊர் இது. விமானத்தைப் போட்டுவிட்டுக் காத்திருப்பது எங்களுக்கு அப்படியொன்றும் விசித்திரமாகப் படவில்லை.

பஸ் ஓட்டுகிறவர்களுக்குக் காலை நடைக்கும் சாயங்கால நடைக்கும் நடுவே நாளின் வயிறு முழுக்க ஓய்வு. மற்ற ஓட்டுநர்கள் அந்த நேரத்தில் தூங்கப் போவார்கள். மார்லிஸ் தன் பிக்கப் வண்டியை விமானத்தள வேலியோரம் நிறுத்தி, மடக்கு நாற்காலியைப் போட்டு, கேமராவை மடியில் வைத்துக்கொள்வாள். எந்த விமானம் யாருக்காகச் செய்தது, யார் வேண்டாமென்று கைகழுவினார்கள், பிறகு யார் வாங்கினார்கள், எது வெள்ளோட்டம் போயிற்று, எது சொந்தக்காரர் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று பார்த்துப் பார்த்து இணையத்தில் தன் பக்கத்தில் எழுதுவாள். உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஆட்கள் அதைப் படித்தார்கள். தன் கம்பெனிக்கு விமானம் வந்தால்தான் வேலை என்று காத்திருக்கும் விமானிகள் உண்டு. பொழுதுபோகாதவர்களும் உண்டு. அவள் எழுதியது தப்பிப்போனதே இல்லை. அந்தக் கர்வம் அவளுக்கு நிறையவே இருந்தது, இருக்கட்டுமே.

சொந்தக்காரரைக் கண்டுபிடிக்க வழி சுக்கான். விமானத்தின் வாலில் நிமிர்ந்து நிற்கும் துடுப்பின் பின்பாதி, இடமும் வலமும் அசையும் பலகை அது. எடை சரியாக அமைய வேண்டும் என்பதற்காக அதை மாட்டுவதற்கு முன்பே வண்ணம் பூசிவிடுவார்கள். உடம்பு பூராவும் வெறும் வெள்ளையாக இருந்தாலும், முதலில் ஆசைப்பட்டவன் யார் என்பதைச் சுக்கான் சொல்லிவிடும். அப்படி ஒரு விமானம் மேற்கு ஓரத்தில் நின்றது, வெள்ளை உடம்பும் கத்தரிப்பூ ஊதாச் சுக்கானுமாக. அதைக் கேட்டிருந்த கம்பெனி ஒரு பயணியைக்கூட ஏற்றாமல் திவாலாகிவிட்டது. வேலியோரத்தில் விமானம் பார்க்க வருகிற ஆட்கள் அதை ‘ஊதா’ என்றே கூப்பிட்டார்கள்.

நிற்கும் விமானத்துக்குப் பண்டுவம் பார்க்க ஆள் வேண்டும். சக்கரம் ஒரே பக்கம் அமுங்கிப் போகாமல் அவ்வப்போது உருட்டிவிட வேண்டும், இஞ்சினைச் சுற்றிவிட வேண்டும், ஓட்டைகளில் குருவி கூடு கட்டாமல் பார்க்க வேண்டும். அதற்காக ஒப்பந்தத்தில் வந்த மெக்கானிக்குகளில் ஒருவர்தான் ஓக்லஹோமாக்காரர் எம்மெட் சோரெல். அறுபதை நெருங்குகிறவர், மனைவி இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. மார்லிஸ் வீட்டின் கீழ்த்தள அறையை வாடகைக்கு எடுத்தார். முதல் வாரமே இருவரும் ஒரு விதி போட்டுக்கொண்டார்கள்.

“இதோ பாருங்க ஓனரம்மா,” என்றார் எம்மெட். “உள்ள நடக்கிறதை வெளிய சொல்ல மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுட்டு வந்திருக்கேன். நீங்களோ ஊர் உலகத்துக்கே தமுக்கடிக்கிறவங்க. ரெண்டும் ஒரே வீட்டுல எப்படி?”

“சாப்பாட்டு மேஜையில விமானப் பேச்சு கிடையாது,” என்றாள் மார்லிஸ். “எனக்குத் தேவையானதை நான் வேலிக்கு வெளியில நின்னே பாத்துக்குவேன். உங்க வாயைப் பிடுங்கிப் பொழைக்கிற அளவுக்கு நான் இன்னும் தாழ்ந்து போகல.”

விதியை இருவரும் காப்பாற்றினார்கள். நாள் முழுக்க இருவரும் பார்ப்பது அந்த விமானங்களை. சாயங்காலம் மேஜையில் பேசுவதோ பஸ் ஷெட்டின் பிரேக் தகராறு, காற்றில் பறந்த கூரைத் தகடு, உருளைக்கிழங்கு சூப்பில் வெண்ணெய் கூடிவிட்டதா இல்லையா என்பது. இப்படியே வருடங்கள் போயின. சாப்பிட்ட தட்டை எம்மெட்தான் கழுவுவார், கழுவும்போது மெல்ல விசிலடிப்பார். ஒருநாள் அந்த விசிலுக்காகத்தான் தான் சாவகாசமாகச் சாப்பிடுகிறோம் என்று மார்லிஸுக்கு உறைத்தது. கூடவே இன்னொன்றும் உறைத்தது.

விமானம் தீர்ந்தால் ஒப்பந்தம் தீரும், ஒப்பந்தம் தீர்ந்தால் மனிதர் போய்விடுவார். அப்போது அதற்கும் அதிக காலமில்லை. உலகம் மறுபடி பறக்க ஆரம்பித்திருந்தது. வரிசைகள் கலைந்து புல் தெரிந்தது. சொந்தக்காரர்கள் வந்து ஒன்றொன்றாக ஓட்டிப் போனார்கள். எப்போது போவீர்கள் என்று அவரைக் கேட்கவும் வழியில்லை. கடைசி விமானம் எப்போது போகும் என்று கேட்பதும் அதுவும் ஒன்றுதான், அதைச் சொல்ல மாட்டேன் என்றுதான் அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவளுக்கு மிஞ்சிய ஒரே நம்பிக்கை ஊதா. வாங்க ஆளில்லாத அது நிற்கும்வரை அவரும் நிற்பார். ஊர் முழுக்க அந்த அநாதைக்கு ஒரு வீடு கிடைக்கட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, கிடைக்கவே கூடாது என்று மார்லிஸ் ஒருத்திதான் வேண்டிக்கொண்டாள்.

பிப்ரவரியில் ஊதாவுக்குப் புதிய பதிவு எண் ஒதுக்கப்பட்டது. அது யாரும் பார்க்கக்கூடிய விஷயம்தான், எங்கே பார்ப்பது என்று தெரிந்திருந்தால் போதும். மத்திய ஆசியாவில் புதிதாக முளைத்த ஒரு கம்பெனி வாங்கியிருந்தது. மார்லிஸ் அன்று தன் பக்கத்தில் வேறு ஏதோ எழுதினாள். மறுநாளும் வேறு ஏதோ.

வேலியோரத்தில் அவளுக்குத் துணை டெல்பர்ட் யமானே. வெங்காய நிலத்தை மகள்களிடம் விட்டுவிட்டு ஓய்ந்தவர், ஓயாதது வாய் மட்டும். அவர் காப்பியை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்.

“என்ன தாயி, ஊதா வித்துப்போச்சே. உன் பக்கத்துல சத்தத்தையே காணோம்?”

“இன்னும் உறுதியாகல.”

“பதிவு எண்ணே குடுத்தாச்சு. இதுக்கு மேல என்ன உறுதி வேணும், கல்யாணப் பத்திரிகையா?”

“எழுதலாம் எழுதலாம். என்ன அவசரம்?”

“நீயா இதைச் சொல்ற? போன வருஷம் என்னை முந்திக்கணும்னு சிவப்பு சிக்னல்ல வண்டிய நிறுத்திட்டு எழுதினவ.” டெல்பர்ட் அவளை ஒருக்களித்துப் பார்த்தார். “உன் கீழ்வீட்டுக்காரன் எப்படி இருக்கான்?”

“அவருக்கென்ன, நல்லாத்தான் இருக்காரு.”

“நான் சும்மாதான் கேட்டேன்,” என்று டெல்பர்ட் தொலைநோக்கியைக் கண்ணுக்குக் கொடுத்துக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க மூடுபனி. அது விலகிய அன்று பள்ளிக்கூடம் பாதி நாள்தான். மார்லிஸ் பிள்ளைகளோடு மத்தியானமே சாலையில் இருந்தாள். சின்னப் பயல் ஒருவன் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு, “விமானம், விமானம்” என்றான். பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். ஓடுபாதையின் கடைசியிலிருந்து வெள்ளை விமானம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. வாலில் கத்தரிப்பூ ஊதா.

பிள்ளைகள் கையை ஆட்டினார்கள். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். விமானம் மேகத்துக்குள் போனது. கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு, பஸ் ஷெட்டில் வண்டியை விட்டதும், ‘ஊதா கிளம்பிவிட்டது’ என்று தன் பக்கத்தில் எழுதினாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது எம்மெட் அடுப்படியில் நின்று உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டிருந்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விமானம் போய்விட்டது, இந்த மனுஷன் நிம்மதியாகத் தோல் சீவுகிறார்.

“கேரட் போடவா, வேணாமா?” என்றார் அவர், தலை நிமிராமல்.

“எப்பப் போறீங்க?”

கத்தி நின்றது. “எங்க?”

“அதான். அடுத்த ஊருக்கு. கலிஃபோர்னியா பாலைவனத்துக்கோ வேற எங்கயோ. எப்பப் போறீங்க?”

“ஓனரம்மா, அந்தப் பேச்சு மேஜையில கூடாதுன்னு நாம...”

“நான் விமானத்தைக் கேக்கல. அது எக்கேடும் கெட்டுப் போகட்டும். உங்களைக் கேக்குறேன். மத்தியானம் அது போனதை நான் பாத்துட்டேன், இனிமே மறைக்க ஒண்ணுமில்ல.” மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள். “நீங்க போறது எனக்குப் பிடிக்கல. வாடகைக்காகச் சொல்லல. வாடகைக்கு எவனாவது வருவான். தட்டு கழுவுறப்ப ஒரு விசில் அடிப்பீங்களே, அது இல்லாம இந்த வீட்டுல என்னால இருக்க முடியாது. போகாதீங்க. சொல்லிட்டேன், அவ்வளவுதான்.”

எம்மெட் வாயைத் திறந்தார். ஏதோ சொல்ல வந்தவர் மூடிக்கொண்டார். முகம் சிவந்து, காதுவரை பரவியது. கத்தியை மேஜைமேல் வைத்து, அதை நேராக்கி வைத்து, மறுபடி கையில் எடுத்தார்.

“நாளைக்கு வேலிப்பக்கம் போவியா?” என்றார்.

“எதுக்கு? காலி இடத்தைப் பாக்கவா?”

“போ. வேலிக்கு மேல எட்டிப் பாக்க ஏணியையும் எடுத்துட்டுப் போ. மேக்கால பாரு.”

சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். கேரட்டையும் போட்டுச் சமைத்தார். இருவரும் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டார்கள். அவர் தட்டைக் கழுவினார், விசில் வரவில்லை. மார்லிஸ் படுக்கையில் புரண்டு புரண்டு படுத்தாள். ஐம்பத்து நான்கு வயதில், மேல்கோட்டோடு நின்று, ஒரு வாடகைக்காரரிடம் இப்படியா உளறுவாள் ஒருத்தி? அவர் பதில் சொல்லவில்லை என்பதுதான் பதில் என்று முடிவு கட்டினாள். காலையில் அவர் எழுவதற்கு முன்பே பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள்.

மத்தியானம் வேலிக்குப் போனபோது டெல்பர்ட் அவளுக்காகவே காத்திருந்த மாதிரி சிரித்தார்.

“வா தாயி. ஊதா கிளம்பிடுச்சுன்னு உலகத்துக்கே சொல்லிட்டியாமே?”

“என் கண்ணால பாத்தேன்.”

“ஏணியில ஏறி, அதே கண்ணால அங்கயும் பாரு.”

பிக்கப் வண்டியின் பின்தட்டில் ஏணியை ஊன்றி ஏறினாள். மேற்கு ஓரத்தில், அதே இடத்தில், அதே வெள்ளை விமானம் நின்றுகொண்டிருந்தது. கேமராவைக் கண்ணில் வைத்து முன்சக்கரத்துக் கதவின் எண்ணைப் படித்தாள். ஊதாவேதான். வாலில் மட்டும் சுக்கான் இல்லை. இருந்த இடத்தைப் பிளாஸ்டிக் சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

“கழட்டிட்டாங்க,” என்றார் டெல்பர்ட். “இன்னொண்ணு அவசரமா பெயிண்ட் அடிக்கிற பட்டறைக்குப் போகணும், அதோட சுக்கான்ல ஏதோ கோளாறு. இதோடதை எடுத்து அதுல மாட்டி அனுப்பியிருக்காங்க. பனிமூட்டத்துல உனக்கும் தெரியல, எனக்கும் தெரியல. இதுக்குப் புதுசு செஞ்சு வரணும். வசந்தம் வரைக்கும் இது நகராது.”

வேலியோரத்தில் இத்தனை காலம் நின்றவள் சுக்கானை நம்பி மோசம் போனாள். எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் இப்படி ஏமாற முடியாது. மற்றவர்கள் சுக்கானைப் பார்ப்பதே இல்லை.

“சரி விடு,” என்றார் டெல்பர்ட். “திருத்தி எழுதிட்டாப் போச்சு. உலகம் மன்னிச்சிடும்.”

“உலகத்துக்குச் சொன்னது போகட்டும்,” என்றாள் மார்லிஸ், ஏணியிலேயே நின்றபடி.

“வேற யாருக்கு என்ன சொன்ன?”

அவள் கேமராவை உறையில் போட்டு மூடினாள். டெல்பர்ட் அவளைப் பார்த்தார், பிறகு விமானத்தைப் பார்த்தார். அவருடைய வாய்க்கு அன்று என்ன ஆயிற்றோ, கேலி செய்யாமல் பிளாஸ்க்கைத் திறந்து அவளுக்கும் காப்பி ஊற்றினார்.

ஏணியிலிருந்து இறங்கியபோதுதான் அவளுக்கு மெல்ல விளங்கியது. அந்தச் சுக்கானைக் கழற்றியதே எம்மெட்டின் கையாகத்தான் இருக்கும். நேற்று அடுப்படியில் நின்றபோது ஊதா எங்கும் போகவில்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டார். ஒரே வார்த்தையில் அவளை அந்த அவஸ்தையிலிருந்து விடுவித்திருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் அவள் என்ன செய்திருப்பாள்? அப்படியா, சரி, கேரட் போடுங்க என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடியிருப்பாள். பிறகு ஜென்மத்துக்கும் அந்தப் பேச்சை எடுத்திருக்க மாட்டாள்.

சாயங்காலம் எம்மெட் மேஜையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒன்றும் இல்லை, கைகளை மட்டும் வைத்திருந்தார். மார்லிஸ் எதிரில் உட்கார்ந்தாள்.

“நேத்தே சொல்லியிருக்கலாம்ல?”

“கையெழுத்துப் போட்டிருக்கேனே.”

“அது மட்டும்தான் காரணமா?”

அவர் தன் கைகளைப் பார்த்தார். “இல்ல,” என்றார். “நான் எத்தனையோ ஊர்ல வேலை பாத்துட்டேன் மார்லிஸ். வேலை முடிஞ்சா எல்லாரும் நல்லபடியா கை குடுப்பாங்க. அடுத்து எந்த ஊர்னு விசாரிப்பாங்க. ஒரு ஊர்ல கேக் கூட வெட்டினாங்க. போகாதேன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. நேத்து நான் உண்மையச் சொல்லியிருந்தா, நீ சொன்னதைத் திருப்பி எடுத்துக்குவ. ஒரு ராத்திரியாவது அது என்கிட்ட இருக்கட்டும்னு தோணிச்சு.”

மார்லிஸ் அழுகிறவள் இல்லை, பல் டாக்டர் விவகாரத்தின்போதுகூட அழவில்லை. இப்போது கண்ணைத் துடைக்க மேஜைத் துணியைத்தான் இழுக்க வேண்டியிருந்தது.

“நான் எதையும் திருப்பி எடுத்துக்கல,” என்றாள். “ஆனா வாயைத் தொறந்து ஒரு பதில் சொல்லணும்ல மனுஷன்?”

“கலிஃபோர்னியாவுல மேஸ்திரி வேலை தர்றேன்னாங்க. காலையில போன் பண்ணி வேணாம்னு சொல்லிட்டேன். உங்க பஸ் ஷெட்டுல பிரேக் பாக்க ஆளில்லன்னு நீதானே தினமும் புலம்புற?”

“விமானம் பாத்த கைக்கு பஸ் வேலை ஓடுமா?”

“பஸ் பறக்காது. பாதி கவலை அங்கயே தீர்ந்துச்சு.”

அவள் சிரித்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து மூக்கில் ஏறி, எழுந்துபோய் மூக்கைச் சிந்த வேண்டியதாயிற்று. அன்று இரண்டு பேருக்கும் சமைக்கத் தோன்றவில்லை. பிரெட்டும் பாலாடைக்கட்டியும் வைத்துச் சாப்பிட்டார்கள்.

மார்ச் கடைசியில் கொக்குகள் வயல்களில் வந்து இறங்கின. ஏப்ரலில் ஊதாவுக்குப் புதுச் சுக்கான் வந்தது, வான நீலத்தில். அதை மாட்டி முடித்த வாரத்தோடு எம்மெட்டின் ஒப்பந்தமும் முடிந்தது. வாங்கியவர்கள் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள், அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை முன்மதியம் அதைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். எம்மெட் அந்த நேரம் பஸ் ஷெட்டில், புது வேலையின் இரண்டாவது நாளில், ஒரு பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். சத்தம் மட்டும் கேட்டது. முதல் வாரத்திலேயே வேலையை விட்டுவிட்டு வேலிக்கு ஓட அவருக்கு மனம் வரவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கைகூடக் கழுவாமல் கேட்டார்.

“போயிடுச்சா?”

“போயிடுச்சு.”

“நல்லா எழும்புச்சா?”

“நல்லாவே எழும்புச்சு. பாதி பாதைகூட ஓடல.”

“முன்சக்கரத்துக் கதவு? இடது பக்கம் மூடறதுக்கு அது கொஞ்சம் அடம் பிடிக்கும்.”

“மூடிடுச்சு. நான் பாத்துட்டேதான் இருந்தேன்.”

எம்மெட் தலையாட்டினார். கிரீஸ் கையோடு நாற்காலியில் உட்கார்ந்தார். நாலு குளிர்காலம் அதன் சக்கரத்தை உருட்டிக் கொடுத்தவர். அது கிளம்பும்போது பக்கத்தில் இல்லை.

“பாக்க முடியலன்னு வருத்தமா?” என்றாள் மார்லிஸ்.

“வருத்தம்தான்,” என்றார் எம்மெட். “ஆனா இந்தத் தடவை போனது விமானம் மட்டும்தானே.”